மீரி திடலில் மீண்டும் தொடங்கியவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கிடைக்காதது எதுவும் இல்லை என்று டத்தோ கிராமாட்டில் வளர்ந்த எல்லாரும் சொல்வோம். நின்றுபோன கைக்கடிகாரம், பழைய நாணயம், யாரோ ஒருவரின் திருமண ஆல்பம், ஒற்றைக் காலணி எல்லாம் அங்கே உண்டு. சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் அப்படிப்பட்ட ஒரு காலையில் நான் வாங்கியது துருப்பிடித்த கோல்ஃப் மட்டை ஒன்று. கடைக்காரர் பத்து வெள்ளி கேட்டார். ஆறு வெள்ளிக்குப் பேசி முடித்தவர் என்னோடு வந்திருந்த எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டுத் தாத்தா.

“இந்த மட்டையெல்லாம் எனக்குப் பழக்கம்மா. சின்ன வயசுல நான் கேடியா இருந்தவன்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீடுகளில் யாரைக் ‘கேடி’ என்று திட்டுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. “பையைத் தூக்குன கேடிம்மா. பையைத் தூக்கிட்டு ஓடுன கேடி இல்லே,” என்றார். கோல்ஃப் ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு அவருடன் நடக்கும் உதவியாளருக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.

அந்த விடுமுறையில் நான் சிரித்தது அநேகமாக அன்று ஒருநாள்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு இரண்டாம் பருவத்தில், ஒரு பாடத்தின் கட்டுரையில், இணையத்தில் கிடைத்த நான்கு பத்திகளை என் சொந்த எழுத்தாகச் சேர்த்து அனுப்பினேன். நேரம் இல்லை, மூன்று பாடங்களுக்கு ஒரே வாரத்தில் கெடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் பக்கத்தில் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். விரிவுரையாளர் கண்டுபிடித்தார். அந்தப் பாடத்தில் தோல்வி. அடுத்த ஆண்டு மீண்டும் எடுக்க வேண்டும். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். எப்படியோ தாத்தாவுக்கும் தெரிந்திருந்தது.

மட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: “விஜய் சிங் தெரியுமா உனக்கு? உலகத்துல முதல் இடத்துக்கு வந்தவன். அவனும் ஒரு கையெழுத்துலே மாட்டினவன்தான். அப்புறம் நம்ம நாட்டுலதான் கொஞ்ச காலம் கிடந்தான். போய்ப் படிச்சுப் பாரு.”

போய்ப் படித்தேன். நான் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஓடுபாதையைக் கடந்த சிறுவன்

விஜய் சிங் 1963 பிப்ரவரி 22 அன்று ஃபிஜித் தீவின் லௌதோக்கா நகரில் பிறந்தார். ஃபிஜி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாரதியார் பாடிய கரும்புத் தோட்டம்தான். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். வட இந்தியர்களோடு தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த கதைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. ஃபிஜியின் அந்த இந்தியச் சமூகத்தில் பிறந்தவர் விஜய்.

அவருடைய தந்தை மோகன் சிங் விமானத் தொழில்நுட்பப் பணியாளர். குடும்பம் வாழ்ந்தது நாடி என்ற ஊரில். கோல்ஃப் திடல் விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆகவே, சிறுவர்கள் விமான ஓடுபாதையைக் கடந்துதான் திடலுக்குப் போவார்களாம். பந்து விலை அதிகம் என்பதால் தேங்காயை வைத்து அடித்துப் பழகியதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தைப்பூச இரதத்துக்கு முன்னால் தேங்காய்கள் மலைமலையாக உடைவதைப் பார்த்து வளர்ந்த பினாங்குப் பிள்ளைகளான நமக்கும் அப்படியொரு யோசனை வந்ததில்லை!

தந்தைதான் முதல் ஆசிரியர். அமெரிக்க வீரர் டாம் வைஸ்கோப்பின் மட்டை வீச்சையே சிறுவன் விஜய் தனக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். 1982-இல், பத்தொன்பது வயதில், தொழில்முறை ஆட்டக்காரரானார். 1984-இல் அவருடைய முதல் தொழில்முறை வெற்றி வந்தது. அது எங்கே தெரியுமா? மலேசியாவில். மலேசிய பி.ஜி.ஏ. வெற்றியாளர் போட்டியில்.

ஒரு கையெழுத்தின் எடை

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள கோல்ஃபின் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. பெரும்பாலான போட்டிகள் நான்கு நாள் நடக்கும். இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்குள் வராதவர்கள் பரிசுப் பணமின்றி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காற்பந்தில் இருப்பதுபோல் ஒவ்வோர் ஆட்டக்காரர் பின்னாலும் நடுவர் ஓடிவருவதில்லை. உங்கள் அடிகளை உடன் ஆடுபவர் அட்டையில் குறித்துவருவார். சுற்று முடிந்ததும் நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பிறகு அது உங்கள் பொறுப்பு. உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்து நீக்கம். கூடுதலான எண்ணுக்குக் கையெழுத்திட்டாலோ, அந்தக் கூடுதல் எண்ணே நிலைக்கும்.

இது எவ்வளவு கடுமையான விதி என்பதற்கு 1968 மாஸ்டர்ஸ் போட்டியே சாட்சி. அர்ஜென்டினாவின் ரொபெர்ட்டோ டி விசென்சோ கடைசி நாளில் அருமையாக ஆடினார். அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள். பதினேழாவது குழியை அவர் மூன்றே அடிகளில் முடித்ததைத் திடலில் இருந்த கூட்டமும் தொலைக்காட்சி நேயர்களும் பார்த்தார்கள். ஆனால், அட்டையில் உடன் ஆடியவர் தவறுதலாக நான்கு என்று எழுதியிருந்தார். கவனிக்காமல் டி விசென்சோ கையெழுத்திட்டுவிட்டார். அந்த ஓர் எண்ணால், பாப் கோல்பியுடன் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பையே இழந்தார். எல்லாரும் கண்ணால் கண்டது மூன்று. செல்லுபடியானது கையெழுத்திட்ட நான்கு.

விஜய் சிங்குக்கு நேர்ந்தது இதைவிடக் கசப்பானது. 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த இந்தோனேசியப் பொதுப் போட்டியில், இரண்டாம் நாள் கோட்டுக்குள் வருவதற்காகத் தன் அட்டையில் எண்ணை மாற்றினார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தான் ஏமாற்றவில்லை, அது தவறான புரிதலால் நேர்ந்தது என்பது விஜய்யின் விளக்கம். அந்த விளக்கம் ஏற்கப்படவில்லை. ஆசியச் சுற்றுப் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது.

அப்போது அவருக்கு வயது 22. ஆட்டக்காரரே தன் நேர்மைக்குச் சாட்சி சொல்லும் ஒரு விளையாட்டில், ‘அட்டையைத் திருத்தியவர்’ என்பதைவிட மோசமான பெயர் இல்லை. நம் மொழியில் சொன்னால், பை தூக்காமலேயே அவர் ‘கேடி’ ஆகிவிட்டார்.

இந்த இடத்தைப் படித்தபோது கணினியை மூடிவைத்துவிட்டேன். என் உறுதிமொழித் தாளும் அதன் கீழிருந்த என் கையெழுத்தும் கண்முன் வந்துவிட்டன. ஒரு வித்தியாசம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அவர் குற்றத்தை மறுத்தார். நான் மறுக்க முடியாது. நான் செய்தேன்.

மீரி

தடைக்குப் பிறகு விஜய் வந்து சேர்ந்தது போர்னியோவுக்கு. சபாவில் கெனிங்காவ் கிளப், சரவாக்கில் மீரி கோல்ஃப் கிளப் ஆகிய இரண்டு இடங்களிலும் பயிற்சியாளராக வேலை பார்த்தார். மீரி எண்ணெய் நகரம். மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு 1910-இல் தோண்டப்பட்ட ஊர். திறமையான ஓர் ஆட்டக்காரர், உலகப் போட்டிகளில் ஆட வேண்டிய வயதில், பொழுதுபோக்குக்காக ஆட வருபவர்களுக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மீதி நேரத்தில் பந்து அடித்தார். போர்னியோவின் வெயிலும் ஈரமும் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு டத்தோ கிராமாட் சாலையில் நடந்து பாருங்கள், போதும். அந்தக் காற்றில், பரிசுமில்லாமல், பார்வையாளருமில்லாமல், அடுத்த போட்டி எப்போது என்றும் தெரியாமல் அவர் பயிற்சி செய்தார். திடலுக்கு முதலில் வந்து கடைசியாகப் போகிறவர் என்று பின்னாளில் அமெரிக்காவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால், அமெரிக்காவில் அப்படி உழைத்தபோது கோடிகள் காத்திருந்தன. மீரியில் எதுவும் காத்திருக்கவில்லை. ஆகவே, அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது அவர் வென்ற கோப்பைகளைவிட இந்தக் காலம்தான்.

சேமித்த பணத்தோடும் ஒரு மலேசியக் கப்பல் நிறுவனத்தின் ஆதரவோடும் அவர் மீண்டும் போட்டிகளுக்குப் புறப்பட்டார். தடை இருந்தது ஆசியாவில். ஆகவே ஆப்பிரிக்காவுக்குப் போனார். 1988-இல் நைஜீரியப் பொதுப் போட்டியை வென்றார். ஐரோப்பியச் சுற்றுக்கான தகுதித் தேர்வில் முதல் முயற்சியில் தேறவில்லை. 1988 இறுதியில் இரண்டாம் முயற்சியில் தேறினார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இரவு விடுதி வாசலில் காவலாளாக நின்ற காலமும் அவர் வாழ்க்கையில் உண்டு. 1989-இல் இத்தாலியில் முதல் ஐரோப்பிய வெற்றி. 1992-இல் மலேசியப் பொதுப் போட்டியை வென்றார். ஆசியாவில் தடைபட்டு நம் நாட்டில் ஒதுங்கியிருந்தவர், நம் நாட்டிலேயே கோப்பையை உயர்த்தினார்.

நாற்பதுக்குப் பிறகு

1993-இல் அமெரிக்க பி.ஜி.ஏ. சுற்றில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு போட்டியை வென்று, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். அப்போது அவருக்கு வயது 30. இந்த விளையாட்டில் ‘மேஜர்’ எனப்படும் பெரும் போட்டிகள் நான்கு. அவற்றுள் மூன்று கோப்பைகள் அவர் வசம்: 1998-இல் பி.ஜி.ஏ. வெற்றியாளர் போட்டி, 2000-இல் மாஸ்டர்ஸ், 2004-இல் மீண்டும் பி.ஜி.ஏ. இடையில் 2001-இல் அயர்லாந்தின் பட்ரேக் ஹாரிங்டனைக் கூடுதல் ஆட்டத்தில் வீழ்த்தி மலேசியப் பொதுப் போட்டியை இரண்டாம் முறையாக வென்றார்.

2004 பி.ஜி.ஏ. வெற்றி எனக்குப் பிடித்த கதை. கடைசி நாளில் அவர் மோசமாக ஆடினார். மொத்தம் 76 அடிகள். குழிக்கென்று வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவாக முடிப்பதைப் ‘பர்டி’ என்பார்கள். அன்று பதினெட்டுக் குழிகளிலும் அவருக்கு ஒரு பர்டிகூட விழவில்லை. ஆனாலும் அவரோடு சேர்த்து மூவர் சமநிலையில் நின்றதால் கூடுதல் ஆட்டம் நடந்தது. அதன் முதல் குழியில் அன்றைய ஒரே பர்டியை அடித்து முன்னேறினார். கோப்பையும் அவருக்கே கிடைத்தது. நாள் முழுக்கச் சரியாக அமையாத ஒன்று, தேவைப்பட்ட நேரத்தில் அமைந்தது. பதினெட்டுக் குழிகளிலும் அவர் மனம் விட்டுவிடாமல் இருந்ததால்தான் அந்த நேரம் வந்தபோது அவர் அங்கே நின்றார்.

அடுத்த மாதமே, 2004 செப்டம்பர் 6 அன்று, போஸ்டன் நகருக்கு அருகே நடந்த போட்டியில் டைகர் வூட்ஸை முந்தி வென்று உலகின் முதல் இடத்தைப் பிடித்தார். வூட்ஸ் அந்த இடத்தில் தொடர்ந்து 264 வாரங்கள் இருந்தவர். அந்த ஆண்டு மட்டும் விஜய் ஒன்பது போட்டிகளை வென்றார்; ஒரே பருவத்தில் ஒரு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் பரிசு பெற்ற முதல் பி.ஜி.ஏ. ஆட்டக்காரரானார். அப்போது அவருக்கு வயது 41.

அமெரிக்கச் சுற்றில் அவர் பெற்ற மொத்த வெற்றிகள் 34. அவற்றுள் 22 நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை. அதுவரை அந்தச் சாதனையை 17 வெற்றிகளோடு வைத்திருந்தவர் சாம் ஸ்னீட். 2006-இல் உலக கோல்ஃப் புகழ் மண்டபத்தில் விஜய்யின் பெயர் சேர்க்கப்பட்டது. ‘விஜய்’ என்றால் வெற்றி. பெயருக்கேற்ற வெற்றிகள், கொஞ்சம் தாமதமாக வந்தன.

மறையாத கறை

கதையை இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால், உண்மையாக இருக்காது.

ஜகார்த்தாவில் தொடங்கிய பேச்சு அவரை விட்டு முழுதாகப் போகவே இல்லை. அவர் புகழ் ஏற ஏற, பழைய கேள்வியும் அவரோடு ஏறியது. செய்தியாளர்களோடு அவர் இணக்கமாக இருந்ததும் இல்லை. 2003-இல் பெண் வீராங்கனை அனிக்கா சோரன்ஸ்டாம் ஆண்களுக்கான ஒரு போட்டியில் ஆட அழைக்கப்பட்டபோது, அவருக்கு அங்கே இடமில்லை என்று விஜய் சொன்னது பெரும் கண்டனத்துக்கு ஆளானது. ஒரு பெண்ணாக அதைப் படித்தபோது எனக்கும் கசந்தது. வாசலில் நிறுத்தப்பட்ட வலியை அறிந்த ஒருவர், இன்னொருவரை வாசலில் நிறுத்த நினைத்தது எப்படி?

2013-இல் வேறொரு சிக்கல். மான் கொம்பிலிருந்து தயாரித்த தெளிப்பு மருந்து ஒன்றைப் பயன்படுத்தியதாக அவரே ஒரு பேட்டியில் சொன்னார். பி.ஜி.ஏ. சுற்று நடவடிக்கையில் இறங்கியது. அந்தத் தெளிப்பைப் பயன்படுத்துவது தடைக்குரியது அல்ல என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தெளிவுபடுத்திய பிறகு நடவடிக்கை கைவிடப்பட்டது. விஜய் வழக்குத் தொடுத்தார். 2018-இல் அது சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு, 55 வயதில், மூத்தோருக்கான பெரும் போட்டி ஒன்றையும் வென்றார்.

ஆகவே, விஜய் சிங்கை மாசற்ற முன்மாதிரி என்று உங்கள் முன் நிறுத்த மாட்டேன். தாத்தாவும் அப்படிச் சொல்லவில்லை. மாசு பட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவருடைய வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. இழந்த பெயரைப் பேசித் திரும்பப் பெற முடியாது. யாரும் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பந்தாக அடித்துத்தான் அடுத்த பெயரைச் சம்பாதிக்க வேண்டும். அப்படிச் சம்பாதித்த பிறகும் பழைய பெயரைச் சிலர் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். அதையும் தாங்கத்தான் வேண்டும்.

திடலுக்கு வெளியே நின்றவர்கள்

கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெருமளவு அது உண்மைதான். ஆனால், பை சுமக்கப் போனவர்கள் மட்டையைக் கையில் எடுத்த கதைகளும் உண்டு. பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியப் பொதுப் போட்டியையே வென்றார். நம் நாட்டிலும் எம். இராமையா, பி. குணசேகரன் ஆகிய தமிழர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றார்கள். தாத்தாவுக்கு அந்த இரண்டு பெயர்களையும் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

“நீங்க ஏன் ஆடலே தாத்தா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆடுனேனே. முதலாளிங்க போன பிறகு, இருட்டுறதுக்குள்ளே. அதையெல்லாம் யாரு அட்டையிலே எழுதுனாங்க?” என்று சிரித்தார்.

இந்த ஆண்டு அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்தேன். முதல் வரிசையில் உட்கார வெட்கமாக இருந்தது. என்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு உட்கார்ந்து, அதே விரிவுரையாளர் முன்னால், அதே நீளமுள்ள கட்டுரையை எழுத வேண்டியிருந்தது. இம்முறை கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே நூலகத்தில் தொடங்கினேன். என் சொந்த வாக்கியங்கள் சில இடங்களில் நொண்டின. நொண்டட்டும் என்று விட்டேன். கிடைத்தது ‘பி’. பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால், அதை அம்மாவிடமும் தாத்தாவிடமும் ஒரே நாளில் சொன்னேன்.

நண்பர்களே, எஸ்.பி.எம். எழுதுகிறவர்களும் பட்டப்படிப்புக் கட்டுரையை அனுப்பக் காத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் முன்னாலும் ஓர் உறுதிமொழித் தாள் இருக்கும். கையெழுத்திடும் முன் ஒருமுறை நிறுத்தி மேலே உள்ளதைப் படியுங்கள். தப்பாகக் கையெழுத்திட்டவர்கள் யாராவது இருந்தால், என்னைப்போல் ஒரு விடுமுறை முழுவதும் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். மீரிக்குப் போகும் வழி எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

அந்த ஆறு வெள்ளி மட்டை இப்போது என் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. துரு முழுதாகப் போகவில்லை. பிடி மட்டும் தாத்தாவின் கைபட்டு வழவழப்பாகிவிட்டது.